யாரைக் கேட்டு?

ஆறு வருஷங்களுக்கு முன்னால் என் மனைவிக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன் நடந்தது. இடது சினைப்பையில் கட்டி. மூன்றாம் நாள் எழுந்து நடந்தாள். பதினைந்தாம் நாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சமையலறைக்குள் போய்விட்டாள். டாக்டர் அம்மாள் கைராசிக்காரர். ஆஸ்பத்திரியும் நல்ல ஆஸ்பத்திரி. செலவுகூட நான் பயந்த அளவுக்கு ஆகவில்லை. இப்படி எல்லாம் நல்லபடியாக முடிந்துபோன ஒரு காரியத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்லபடியாக முடிந்ததனால்தான் எழுதுகிறேன். கெட்டுப் போயிருந்தால், குற்றம் யாருடையது என்று தேடுகிற பரபரப்பில் உண்மையான கேள்வி எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். கட்டியை மட்டும் உரித்து எடுத்துவிட்டு, சினைப்பையை அப்படியே விட்டுவைக்கத்தான் பார்ப்போம். முடியாது போனால் அந்தப் பக்கத்துச் சினைப்பையையே எடுக்க வேண்டிவரும். வலது பக்கம் நன்றாக இருக்கிறது, ஒன்று போதும், உடம்புக்கு ஒரு குறைவும் வராது. "அவங்ககிட்டே நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க" என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நான் சொல்லவில்லை. மூன்று நாளாக அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருக்கிற பயம் போதாதா, இன்னும் ஒரு மூட்டையை ஏற்றி வைப்பானேன் என்று நினைத்தேன். மறுநாள் மாலை நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். நோயாளியும் கையெழுத்துப் போட வேண்டும், நானும் போட வேண்டும் என்றாள். அவசியமானால் சினைப்பையையும் அகற்றலாம் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. நான் அந்தக் காகிதத்தை மடித்து, கீழ்ப்பாகம் மட்டும் தெரியும்படி அவளிடம் நீட்டினேன்.

"என்ன இது?"

"வழக்கமா வாங்கறதுதான். இங்கே போடு."

"என் கண்ணாடி பையிலே இருக்கு..."

"கண்ணாடி எதுக்கு? கையெழுத்துத்தானே!"

அவள் போட்டாள். பதினாறு வருஷ தாம்பத்தியத்தில் நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியவள். வீட்டுக் கடன் பத்திரம், பாங்கிக் காகிதம், பையனின் பள்ளிக்கூட விண்ணப்பம். அவற்றோடு இதுவும் ஒன்று.

அடுத்த நாள் காலை, ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்தார். கட்டி பெரிதாக இருக்கிறது, பிரித்துக் காப்பாற்ற நல்ல சதை மிச்சமில்லை, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். நான் சரி என்றேன். உள்ளே மயக்கத்தில் கிடந்தவளுக்காக நான் வராந்தாவில் நின்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம். இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களை என் பீரோவில் கதைப் பிரதிகளுக்கு அடியில் வைத்தேன். ஒன்றரை வருஷம் போயிற்று. வேறு ஏதோ வலிக்காக அவள் தன் தங்கையோடு போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். அங்கே இருந்த பெண் சாதாரணமாக, "இடது பக்கத்துச் சினைப்பையை எப்போ எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று மாலை நான் எழுதிக்கொண்டிருந்தேன். காப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வழக்கம்போல் உடனே திரும்பிப் போகவில்லை.

"யாரைக் கேட்டு எடுத்தாங்க?" என்றாள்.

நான் என்னவெல்லாமோ சொன்னேன். எடுக்காவிட்டால் ஆபத்து என்றேன்; உன் நன்மைக்குத்தான் என்றேன்; டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நல்லதுதான். என்னைக் கேட்டிருந்தா நானும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன். சொல்ல விடலையே நீங்க."

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பெண்களின் மனசைத் தொட்டு எழுதுகிறேன் என்று வாசகர்கள் கடிதம் எழுதுவதுண்டு. அந்த மாலையில் என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். முடிவு இதேதான். உடம்பில் போனதும் இதேதான். அப்படியானால், கேட்காததனால் அவளுக்கு என்ன நஷ்டம்? நல்லது நடந்துவிட்ட பிறகு, அனுமதி வாங்கவில்லை என்பது குற்றமா, வெறும் மரியாதைக் குறைவா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் படிக்க ஆரம்பித்தேன். இன்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்திக்கொண்டவனுக்கு வைத்திய புத்தகங்களில் பாதி புரியும், பாதி புரியாது. புரிந்ததைச் சொல்கிறேன். சினைப்பை என்பது ஏறக்குறைய ஒரு பாதாம் கொட்டையின் அளவுள்ளது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மாதந்தோறும் கரு முட்டை முதிரும்போது அதில் ஒரு சிறிய நீர்ப்பை உப்பும். பிறகு வெடித்து அடங்கும். சில சமயம் அடங்காமல் கட்டியாக நிற்கும். இப்படிப்பட்ட நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதத்தில் தாமே கரைந்துவிடும், கத்தியே வேண்டாம். வேறு சில கரையாமல் வளரும். உள்ளே கொழுப்பும், ரோமமும், சில வேளை பல்லும்கூட இருக்கிற ஒருவகைக் கட்டியும் உண்டு. அதைப் பார்த்து அந்தக் காலத்தில் பேய் பிசாசு என்று பயந்தவர்கள் மீது தப்பில்லை. கட்டியின் கனத்தால் சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று பிராண வேதனை வரும். ஒன்று போனால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். வயது வருமுன் இரண்டும் போனால், மாத விலக்கு அன்றே நின்று, உடல் தகிப்பும் எலும்புத் தேய்வும் முன்கூட்டியே வந்து சேரும். ஆகவே இது பல் பிடுங்குகிற காரியமல்ல.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு பூர்வகதை உண்டு. அமெரிக்காவில், கென்டக்கி மாகாணத்தில், டான்வில் என்ற சிற்றூரில் எஃப்ரயிம் மக்டவல் என்று ஒரு டாக்டர் இருந்தார். எடின்பரோவில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். 1809 டிசம்பரில் அறுபது மைலுக்கு அப்பால் இருந்த ஒரு வீட்டுக்கு அவரை அழைத்தார்கள். ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்மணிக்கு நாற்பத்தாறு வயது. வயிறு மிகப் பெரிதாக இருந்தது. பிரசவ காலம் தாண்டியும் குழந்தை பிறக்கவில்லை என்று உள்ளூர் வைத்தியர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மக்டவல் பரிசோதித்துப் பார்த்தார். இது கர்ப்பமல்ல, சினைப்பைக் கட்டி என்று சொன்னார்.

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் முக்கியம். வயிற்றைக் கிழித்து இப்படிப்பட்ட கட்டியை எடுத்து யாரும் பிழைத்ததாக அவருக்குத் தெரியாது. வயிற்றைத் திறந்தால் சாவுதான் என்று லண்டனிலும் எடின்பரோவிலும் உள்ள பெரிய பெரிய ரண வைத்தியர்களெல்லாம் சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் அவர் அந்தப் பெண்மணியிடமே ஒளிக்காமல் சொன்னார். நான் செய்வது ஒரு பரிசோதனைதான். அதற்குச் சம்மதமானால் டான்விலுக்கு வா என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவள் வந்தாள். குளிர்காலத்தில், குதிரை மேல், கட்டியின் பாரத்தைச் சேணத்தின் முன்கொம்பில் தாங்கிக்கொண்டு, அறுபது மைல் வந்தாள். கிறிஸ்துமஸ் தினத்தன்று ஆபரேஷன் நடந்தது என்று சொல்வார்கள். மயக்க மருந்து என்பதே அன்று கிடையாது. ஈதரைக் கொடுத்து நோவில்லாமல் ரண சிகிச்சை செய்யலாம் என்று பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் எல்லாரும் பார்க்கச் செய்து காட்டியது 1846ல்தான். கிருமிநாசினி போட்டு ரண சிகிச்சை செய்யும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867ல். ஜேன் விழித்திருந்தாள். வேதப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது கர்ணபரம்பரை. வயிற்றைத் திறந்ததும் குடல் மேஜைமீது சரிந்துவிட்டது. வேலை முடியும்வரை அதை உள்ளே தள்ள முடியவில்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்தார். எடுத்தது மொத்தம் இருபத்திரண்டரை ராத்தல். நம் கணக்கில் பத்துக் கிலோ. ஐந்தாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தபோது அவள் எழுந்து தன் படுக்கையைத் தானே தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து நாளில் ஊர் திரும்பினாள். அப்புறம் முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்து, 1842ல், எழுபத்தெட்டாவது வயதில் இறந்தாள்.

மக்டவலுக்கு அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் சிலை இருக்கிறது. கை சாமர்த்தியத்துக்குச் சிலை வைத்தார்கள். எனக்கு அவர் கையைவிட நாக்கின்மீதுதான் மதிப்பு அதிகம். எதையும் மறைக்காத நாக்கு. அதைவிட அந்தக் குதிரைப் பயணத்தின்மேல் மதிப்பு. அறுபது மைலில் எந்த இடத்திலும் அவள் குதிரையைத் திருப்பியிருக்கலாம். கடிவாளம் அவள் கையில் இருந்தது. சம்மதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று திரும்பிப் போக வழியிருந்தும் திரும்பாமல் வருவதே சம்மதம்.

இதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல நீதிக்கதை. நிறுத்த முடியவில்லை. மக்டவல் தன் அனுபவத்தை 1817ல் பிலடெல்பியாவில் அச்சேறிய வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அதில் மூன்று நோயாளிகளின் வரலாறு இருக்கிறது. முதலாமவள் திருமதி கிராஃபோர்ட். மற்ற இருவரும் கறுப்புப் பெண்கள். கென்டக்கியில் அடிமைமுறை நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு அந்தக் கட்டுரையில் பெயரே இல்லை. நீக்ரோப் பெண் என்ற அளவோடு சரி. அவர்களை யார் கேட்டிருப்பார்கள்? சட்டப்படி அவர்கள் உடம்பே அவர்களுடையதல்ல. உடையவன் சரி என்றால் சரி. அவர்களும் விழித்திருந்துதான் கத்தியைத் தாங்கினார்கள். வலி ஒன்றுதான், ரத்தம் ஒன்றுதான். டாக்டரும் அதே டாக்டர்தான். ஆனால் ஜேன் செய்ததைத் தைரியம் என்கிறோம். அவர்கள் பட்டதை அப்படிச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தைரியம் என்று சொல்ல வேண்டுமானால், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு முதலில் கிடைத்திருக்க வேண்டும். கேட்காமல் வெட்டும்போது மிஞ்சுவது பொறுமை ஒன்றுதான். அதை ஆடு மாடுகளிடமும் பார்க்கலாம்.

என் மனைவி ஆபரேஷனுக்குப் போனபோது அக்கம்பக்கத்தில் எல்லாரும், "என்ன தைரியம், என்ன தைரியம்!" என்றார்கள். நானும்தான் சொன்னேன். அந்தத் தைரியத்தைக் காட்ட அவளுக்கு நான் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை என்பது டான்வில் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

மயக்க மருந்து வந்தது பெரிய வரம். அதோடுகூட ஒரு சங்கடமும் வந்தது. விழித்திருக்கிறவளைக் கேட்காமல் வெட்டுவது கஷ்டம். தூங்குகிறவளைக் கேட்காமல் வெட்டுவது சுலபம். 1872ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் ராபர்ட் பேட்டி என்ற டாக்டர், கட்டியே இல்லாத சினைப்பைகளை எடுக்கும் ஒரு சிகிச்சையைத் தொடங்கினார். மாத விலக்கு வேதனைக்கு, நரம்புத் தளர்ச்சிக்கு, சித்தப் பிரமைக்கு, எல்லாவற்றுக்கும் அதுவே மருந்தென்று பலர் கிளம்பினார்கள். மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்த பெண்களுக்கும் சில இடங்களில் அதைச் செய்தார்கள். அவர்களில் பலர் நல்லெண்ணம் உள்ளவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லெண்ணமும் சாமர்த்தியமும் இருந்து, எதிரே இருக்கிறவளின் வாய் மட்டும் மூடியிருந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

அதெல்லாம் அந்நிய தேசத்துப் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. டில்லியில் 1995ல் நாற்பத்துநான்கு வயதுள்ள, கல்யாணமாகாத ஒரு பெண் உதிரப்போக்குக்காக ஒரு டாக்டரிடம் போனாள். கருவி விட்டு உள்ளே பார்க்கத்தான் அவள் சம்மதித்திருந்தாள். மயக்கத்தில் இருக்கும்போது டாக்டரின் உதவியாளர் வெளியே வந்து, அங்கே இருந்த தாயாரைக் கேட்டுவிட்டுப் போக, டாக்டர் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. செய்த சிகிச்சை தவறான சிகிச்சை என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அந்த நோய்க்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான் என்றார்கள். ஆனாலும் செய்தது தவறு என்றார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, புத்தி தெளிவுள்ள ஒரு பெண் சற்று நேரம் மயங்கிக் கிடக்கிறாள் என்பதனால் அவளுக்கு பதிலாகத் தாயார் சம்மதம் சொல்ல முடியாது. அவள் விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் ஆபரேஷனின் வலியும் செலவும் மிச்சம் என்பதும் ஒரு சமாதானம் ஆகாது. டாக்டருக்குச் சேரவேண்டிய பணத்தைத் தள்ளி, இருபத்தையாயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் விதித்தார்கள். தொகை சிறிதுதான். என் மனைவி காப்பி மேஜைக்குப் பக்கத்தில் நின்று கேட்டதைத்தான் நீதிபதிகளும் கேட்டிருந்தார்கள்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓர் அத்தை இருந்தாள். அவளுக்கும் இதே இடத்தில்தான் கட்டி. புற்றாக இருக்கலாம், வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். அத்தை அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் மறைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று என் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனைவியிடம் மறைத்ததற்கு அந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அத்தையிடம் எப்படிச் சொன்னார்கள்? கூட்டம் நெருக்கியடிக்கிற வாசலில், கையில் சீட்டைத் திணித்து, பத்து வார்த்தையில். அவள் திருப்பி ஒன்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. காதில் போடுவது வேறு, கேட்பது வேறு. கேட்பதென்றால் எதிரே உட்கார வேண்டும். அவளுடைய பயத்தையும் கேட்க வேண்டும். அவள் மறுபடியும் மறுபடியும் கேட்பதற்கு மறுபடியும் மறுபடியும் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அவ்வளவும் செய்த பிறகும் அத்தை பஸ் ஏறியிருக்கலாம். அப்படி ஏறியிருந்தால் எங்களுக்கு அழுகை வந்திருக்கும். ஆனாலும் அவளைப் பிடித்து நிறுத்தும் உரிமை எங்களுக்கு இருந்திருக்காது. இதை எழுதும்போது எனக்கு மனசு சமாதானமாக இல்லை. சமாதானமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சில பெண்கள், "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்குங்க" என்பார்கள். அதுவும் ஒரு பதில்தான். கேட்ட பிறகு அவர்கள் தாமாகச் சொன்னால். என் மனைவியும் ஒருவேளை அப்படியே சொல்லியிருப்பாள். நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, ஊகித்துக்கொண்டேன். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு ஊகிக்கிற உரிமை உண்டு என்று நினைத்தேன். கூட வாழ்ந்த வருஷங்கள் கேட்பதைச் சுலபமாக்க வேண்டுமே தவிர, அநாவசியமாக்கக் கூடாது.

அன்பினால் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன் அல்லவா? அது பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல. அவள் அழுதால் எப்படிச் சமாளிப்பது என்ற என் பயமும் அதில் பாதி. அவளுக்கு பாரத்தைக் குறைத்தேன் என்று எண்ணிக்கொண்டு என் பாரத்தைத்தான் குறைத்துக்கொண்டேன். கேட்காமல் செய்கிற நன்மைகள் பலவற்றில் இந்தக் கலப்படம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபமும் நீடிக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். இப்போதெல்லாம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், "வைங்க, படிச்சுட்டுப் போடறேன்" என்கிறாள். முதலில் சில நாள் எனக்கு அது சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது. பிறகு அதுதான் சரி என்றும் பட்டது.

போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. நர்ஸ் காகிதத்தைக் கொண்டுவந்து, நான் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அவர்கிட்டேயே குடுங்க. படிக்கட்டும்" என்றாள்.

நான் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். என் கண்ணாடியை அவள் தன் பையிலிருந்து எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, என்னிடம் கொடுத்தாள்.